மூடியில் மிச்சமிருந்தது

அலமாரி பூட்டித்தான் இருந்தது. அன்று மருத்துவமனையில் கேட்டவர்கள் எல்லோரிடமும் நான் முதலில் சொன்னது இதைத்தான். யாரும் என்னைக் குற்றம் சொல்லவில்லை, ஆனாலும் சொன்னேன். மகள் தவழ ஆரம்பித்த மாதமே குளியலறை அலமாரிக்கும் சிங்குக்கு அடியில் இருக்கும் கதவுக்கும் குழந்தைப் பூட்டு வாங்கி மாட்டியவன் நான். நடந்த அந்த நிமிடத்திலும் இரண்டு பூட்டுகளும் ஒழுங்காகப் பூட்டியே இருந்தன.

பாப்பாவுக்கு அப்போது ஒரு வயது எட்டு மாதம். மனைவி வேலைக்குப் போயிருந்தாள். ஊரிலிருந்து வந்திருந்த அம்மா உள்ளே படுத்திருந்தார். நான் துணிகளை வாஷிங் மெஷினில் போட்டுவிட்டு, லிக்விடை மூடியில் அளந்து ஊற்றினேன். அந்த பாட்டிலுக்கு மூடிதான் அளவுக் கிண்ணம். அப்போது போன் அடித்தது. பாட்டிலை மெஷின் மேல் வைத்தேன். மூடியை எங்கே வைத்தேன் என்று கேட்டால் எனக்கே நினைவில்லை. வைத்ததாகவே தெரியவில்லை, கை தானாக அதைத் தரையில் விட்டிருக்கிறது. போனில் பேசியது ஒரு நிமிடம்கூட இருக்காது.

பாப்பாவுக்கு அந்த வாரம் முழுக்க ஒரே விளையாட்டு. காலி டம்ளரை வாயில் கவிழ்த்து, அண்ணாந்து, "ஆஆ" என்று குடித்து முடிப்பது. நான் திரும்பிப் பார்த்தபோது நீல மூடி மூக்கு வரைக்கும் முகத்தை மூடியிருந்தது. தாடையிலிருந்து சட்டையின் முதல் பொத்தான் வரை நீலமாக ஒரு கோடு. மூடியைப் பிடுங்கினேன். அழவில்லை. இருமினாள். ஒவ்வொரு இருமலுக்கும் உதட்டோரம் ஒரு சின்ன சோப்புக் குமிழ் எழும்பி உடைந்தது. வேறு எதை மறந்தாலும் அந்தக் குமிழை மறக்க மாட்டேன்.

சத்தம் கேட்டு வந்த அம்மா, "உப்புத் தண்ணி கரைச்சுக் குடு, வாந்தி எடுத்துடும்" என்றார். நான் சமையலறைக்கு ஓடி உப்பு டப்பாவைத் திறந்தேவிட்டேன். இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. நாலு விஷயம் படித்தவன், ஆனால் அந்த நேரத்தில் படித்தது ஒன்றும் கைக்கு வரவில்லை. கூப்பிட்டவள் மனைவிதான், போன் இன்னும் காதிலேயே இருந்தது. "எதுவும் குடுக்காதீங்க. பாட்டில்ல நம்பர் இருக்கும், பாருங்க" என்று அவள் கத்தினாள். நம்பர் இருந்தது, ஆனால் அந்தப் பொடி எழுத்து கண்ணில் படவே இல்லை. அவளே விஷத் தகவல் மையத்தின் எண்ணைத் தேடி அவர்களை இணைப்பில் சேர்த்தாள்.

அந்தப் பக்கம் பேசியவர் அவசரப்படவே இல்லை. என்ன பொருள், எப்போது, எவ்வளவு, குழந்தையின் எடை என்ன, மூச்சு எப்படி இருக்கிறது, இருமல் நின்றதா என்று வரிசையாகக் கேட்டார். எடை எனக்குத் தெரியவில்லை. கடைசியாக எப்போதோ எடுத்த எடையைச் சொன்னேன். வாயை ஈரத்துணியால் துடைக்கச் சொன்னார். விழுங்க முடிந்தால் ஒரு மடக்கு தண்ணீர் போதும், நிறையக் கொடுத்தால் நுரையும் வாந்தியும்தான் கூடும் என்றார். இருமல் நிற்கவில்லை என்றதும், "கிளம்புங்கள், பாட்டிலோடு போங்கள்" என்றார்.

நான் பாட்டிலை எடுக்காமல்தான் கிளம்பினேன். வழியில் இரண்டு முறை வாந்தி எடுத்தாள். இரண்டாவது முறை முழுக்க நுரை. அவசரப் பிரிவில் நர்ஸ் கேட்ட முதல் கேள்வியே "பாட்டில் எங்கே?" என்பதுதான். நான் விழித்துக்கொண்டு நிற்க, அம்மா தன் பையைத் திறந்து பாட்டிலை எடுத்து மேஜையில் வைத்தார். பிறகு, தன் கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்த மூடியையும் வைத்தார். உப்புத் தண்ணீர் கொடு என்று சொன்ன அதே அம்மாதான்.

மருத்துவர் மூடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு எனக்கு ஒன்றை விளக்கினார். துணி துவைக்கும் லிக்விட் வயிற்றுக்குள் போவதைவிட நுரையீரலுக்குள் போவதுதான் கவலை. அது நுரைக்கும், வாந்தியோடு மேலே வரும்போது மூச்சுக்குழாயில் இறங்கிவிடலாம். அதனால்தான் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. அரிக்கும் தன்மையுள்ள ஆசிட், அல்கலி எனப்படும் காரம் போன்றவை என்றால் இன்னும் மோசம். போகும்போது சுட்ட உணவுக்குழாயை அது திரும்பி வரும்போது இன்னொரு முறை சுடும். பேபி ஆயில் போலக் கெட்டியில்லாத, வழுக்கும் திரவங்கள் மிகச் சுலபமாக மூச்சுக்குழாய்க்குள் போய்விடுமாம். உப்புத் தண்ணீரின் ஆபத்து தனி. சிறு குழந்தைக்கு அதிக உப்பு கொடுத்தால் ரத்தத்தில் சோடியம் ஏறி வலிப்புவரை போகலாம். என்ன விழுங்கினாளோ அதைவிட நான் கொடுக்கப்போன மருந்து கெடுதலாகியிருக்கும்.

வாந்தி எடுக்க வைக்கும் எண்ணம் அம்மாவோடு தொடங்கியதில்லை. இபிகாக் என்ற சிரப்பை இதற்காகவே வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள் என்று அமெரிக்க மருத்துவர்களே பல ஆண்டுகள் சொல்லிவந்தார்கள். 2003ல்தான் அங்குள்ள குழந்தை மருத்துவர்களின் சங்கம் அதை வீட்டில் பயன்படுத்த வேண்டாம், இருந்தால் அப்புறப்படுத்துங்கள் என்று மாற்றிச் சொன்னது. அம்மா பழைய பாடத்தில் இருந்தார், அவ்வளவுதான்.

ஆறு மணி நேரம் வைத்துப் பார்த்தார்கள். விரலில் ஆக்ஸிஜன் கிளிப் மாட்டினார்கள், அடிக்கடி நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்தார்கள். மூன்றாவது மணி நேரத்தில் இருமல் நின்றது. இரவு வீட்டுக்கு வந்தோம். என் அதிர்ஷ்டம் அது. அதே மூடியில் சாக்கடை அடைப்பு நீக்கும் திரவம் இருந்திருந்தால் இந்தக் கட்டுரையை நான் எழுதியிருக்க மாட்டேன்.

அடுத்த நாள் ஒரு சோதனை செய்தேன். மூடி நிறைய லிக்விடை ஊற்றி மெஷினில் கவிழ்த்தேன். வழக்கம்போல ஒரு முறை உதறினேன். பிறகு மூடியை நிமிர்த்தி வைத்துக் காத்திருந்தேன். சுவரில் ஒட்டியிருந்த லிக்விட் மெல்ல வழிந்து அடியில் சேர்ந்தது. ஐந்து நிமிடத்தில் ஏறக்குறைய அரை டீஸ்பூன். காலி மூடி என்று நான் நினைத்துக்கொண்டிருந்த ஒன்றில் அரை டீஸ்பூன்! ஒரு வயதுக் குழந்தை ஒரே மடக்கில் விழுங்கும் அளவே ஒரு டீஸ்பூன் அளவில்தான் இருக்கும்.

அன்றிலிருந்து என் கணக்கு மாறிவிட்டது. அதுவரை எது எங்கே இருக்கிறது என்றே யோசித்துவந்தேன். எந்த அலமாரி, எந்த உயரம், எந்தப் பூட்டு. இப்போது எது எப்போது திறந்திருக்கிறது என்று பார்க்கிறேன். பூட்டிய அலமாரியிலிருந்து எடுத்து, திறந்து, ஊற்றி, மூடி, திரும்ப உள்ளே வைக்கும் வரையிலான அந்த மூன்று நான்கு நிமிடங்களுக்குப் பூட்டு எதுவும் கிடையாது. அந்த நேரத்தில்தான் அழைப்பு மணி அடிக்கும், குக்கர் கூப்பிடும், போன் வரும். கடையிலிருந்து வாங்கி வந்த பையைத் தரையில் வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போகிறோமே, அதுவும் இதே கணக்குதான்.

இப்போது எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் இருக்கிறது. திறந்த பாட்டில் கையில் இருக்கும்போது யார் கூப்பிட்டாலும், முதலில் மூடித் திருகி உள்ளே வைத்துவிட்டுத்தான் பதில். முடியாவிட்டால் பாட்டிலையும் கையிலேயே எடுத்துக்கொண்டு கதவைத் திறப்பது. ஒரு நாள் வாசலில் நின்றவர் என் கையிலிருந்த டாய்லெட் கிளீனரைப் பார்த்து இரண்டடி பின்வாங்கினார். பரவாயில்லை.

அளவு மூடியை ஊற்றிய உடனே குழாயில் கழுவி, பாட்டிலில் திருகிவிடுகிறேன். இதை எழுத ஒரு வரி, செய்ய ஐந்து விநாடி. பழக எனக்கு இரண்டு மாதம் ஆனது.

குழந்தைகளால் திறக்க முடியாத மூடிகள் இருக்கின்றனவே என்று கேட்கலாம். நானும் அதை நம்பியவன்தான். கனடாவின் வின்ட்சர் நகரக் குழந்தை மருத்துவர் ஹென்றி ப்ரோ, விஷம் விழுங்கி வரும் குழந்தைகளைப் பார்த்துப் பார்த்து நொந்துபோய், உள்ளங்கையால் அழுத்தித் திருப்பும் மூடியை 1967ல் கொண்டுவந்தார். 1970ல் அமெரிக்கா ஆபத்தான வீட்டுப் பொருட்களுக்கு இப்படிப்பட்ட மூடிகளைச் சட்டமாக்கியது. அதனால் எத்தனையோ குழந்தைகள் பிழைத்தார்கள், சந்தேகமே இல்லை. ஆனால் அந்தச் சட்டத்தின்படி மூடியை எப்படிச் சோதிக்கிறார்கள் என்று படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. 42 முதல் 51 மாத வயதுக் குழந்தைகளை இரண்டிரண்டு பேராக உட்கார வைத்து, பாட்டிலைக் கொடுத்துத் திறக்கச் சொல்வார்கள். ஐந்து நிமிடம். அப்புறம் ஒருவர் திறந்து காட்டுவார். வேண்டுமானால் பல்லால் கடித்தும் திறக்கலாம் என்று சொல்லி, இன்னும் ஐந்து நிமிடம் கொடுப்பார்கள். முதல் ஐந்து நிமிடத்தில் 85 சதவீதக் குழந்தைகளுக்கும், பத்து நிமிட முடிவில் 80 சதவீதக் குழந்தைகளுக்கும் திறக்க வராவிட்டால் மூடி தேர்ச்சி. அதாவது ஐந்தில் ஒரு குழந்தை திறந்துவிட்டாலும் அது தேறிய மூடிதான். அது தாமதப்படுத்தும் மூடி. நாம் ஓடி வருவதற்குள் கொஞ்சம் நேரம் வாங்கித் தரும். அதுவும் முழுக்கத் திருகி மூடியிருந்தால் மட்டும். மேலோட்டமாக ஒரு சுற்றுச் சுற்றிவிட்டால் அது சாதாரண மூடிதான். இதே சோதனையில் 50 முதல் 70 வயதுக்காரர்களால் அதைத் திறந்து மூட முடிய வேண்டும் என்றும் விதி இருக்கிறது. எங்கள் அம்மா அதற்கு ஒத்துக்கொள்ள மாட்டார்.

கசப்பைச் சேர்த்துவிட்டால் குடிக்காது என்றும் சிலர் சொல்வார்கள். டெனடோனியம் என்ற பயங்கரக் கசப்புப் பொருள் 1958ல் கண்டுபிடிக்கப்பட்டது, பல துப்புரவுப் பொருட்களில் சேர்க்கிறார்கள். அது இரண்டாவது மடக்கைத் தடுக்கும். முதல் மடக்கு போன பிறகுதானே கசப்பே தெரியும்? அரிக்கும் திரவங்களுக்கு அந்த முதல் மடக்கே அதிகம்.

வீட்டில் இருப்பதிலேயே எனக்கு மிகவும் பயமானது இந்த அரிக்கும் வகைதான். கழிவறை கழுவும் ஆசிட், சாக்கடை அடைப்பு நீக்கி, அடுப்புப் பிசுக்கு எடுக்கும் திரவம், பாத்திரம் கழுவும் மெஷினுக்கான தூள். அடைப்பு நீக்கிகளில் சோடியம் ஹைட்ராக்சைடு போன்ற கடும் காரம் இருக்கும், அது திசுவைக் கரைத்துக்கொண்டே ஆழமாக இறங்கும். வாய்க்குள் பார்த்தால் ஒன்றும் தெரியாமல் உணவுக்குழாய் மட்டும் புண்ணாகியிருக்கவும் கூடும். எச்சில் வடிந்துகொண்டே இருப்பது, விழுங்க மறுப்பது, குரல் கம்முவது, வாந்தி இவற்றில் எது இருந்தாலும் வாயைப் பார்த்து ஆறுதல் அடையாமல் ஓட வேண்டும். ஆசிடுக்குச் சோடா உப்பு, காரத்துக்கு எலுமிச்சை என்று பள்ளி வேதியியலைக் கொண்டுவராதீர்கள். அவை சேரும்போது சூடோ வாயுவோ கிளம்பும். கண்ணில் பட்டால் மட்டும் மருத்துவமனைக்குக் கிளம்பும் முன் வீட்டிலேயே ஒரு வேலை இருக்கிறது. ஓடும் குழாய்த் தண்ணீரில், அதிகச் சூடும் குளிரும் இல்லாமல், 15 முதல் 20 நிமிடம் கழுவ வேண்டும். குழந்தை அலறும். கழுவத்தான் வேண்டும்.

இந்தத் திரவங்களைத் தண்ணீர் பாட்டிலிலோ ஜூஸ் பாட்டிலிலோ ஊற்றி வைப்பது போன்ற தவறு வேறில்லை. பெரிய கேனில் வாங்கினால் விலை குறைவு, தூக்க முடியவில்லை, சின்ன பாட்டிலில் கொஞ்சம் பிரித்து வைப்போம். நியாயமான காரணம்தான். ஆனால் குழந்தைக்கு லேபிள் படிக்கத் தெரியாது, பாட்டிலின் வடிவம்தான் தெரியும். அந்த வடிவத்துக்கு அர்த்தம் "குடிப்பது" என்று சொல்லிக்கொடுத்ததே நாம்தான். பெரியவர்கள்கூட இருட்டில் எடுத்துக் குடித்துவிடுவார்கள். இன்னொன்று, ப்ளீச்சையும் ஆசிட் கிளீனரையும் ஒன்றாக ஊற்றிக் கழுவினால் குளோரின் வாயு வரும். ப்ளீச்சோடு அம்மோனியா சேர்ந்தால் குளோரமின். சின்ன கழிவறையில் கதவைச் சாத்திக்கொண்டு இதைச் செய்யும்போது, காலைப் பிடித்துக்கொண்டு நிற்கும் குழந்தையும் அதையே மூச்சில் இழுக்கிறது.

சானிடைசர் பற்றி ஒரு வார்த்தை. அதில் பொதுவாக 60 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால். கைக்குப் போட்டதைக் குழந்தை நக்கிவிட்டால் பதற வேண்டியதில்லை. ஆனால் பாட்டிலைத் திறந்து இரண்டு மூன்று மடக்கு விழுங்கினால் விஷயம் வேறு. சிறு குழந்தைகளுக்கு ஆல்கஹாலால் ரத்தத்தில் சர்க்கரை சட்டென்று இறங்கும். தள்ளாட்டம், தூக்கம், சில்லிட்ட உடம்பு, வலிப்பு வரை போகலாம். ஆல்கஹால் கலந்த மவுத்வாஷுக்கும் இதேதான். அது இனிப்பும் வாசனையும் நிறமுமாக வருவதுதான் கூடுதல் தலைவலி. சானிடைசர் பெரும்பாலும் அலமாரியில் இருப்பதும் இல்லை, கைப்பையில் இருக்கும். கைப்பை சோபாவில் இருக்கும்.

துணி துவைக்கும் லிக்விடை அடைத்து, சின்னச் சின்ன மிட்டாய் போல வரும் 'பாட்'களை நாங்கள் வாங்குவதையே விட்டுவிட்டோம். மேலே இருக்கும் மெல்லிய உறை தண்ணீரில் கரைவதற்கென்றே செய்தது, எச்சிலிலும் ஈரக் கையிலும் கரையும். உள்ளே இருப்பது சாதாரண லிக்விடைவிட அடர்த்தி. கடித்தால் தொண்டைக்கும் அழுத்தினால் கண்ணுக்கும் பாயும். வீட்டில் ஐந்து வயதுக்குக் கீழ் குழந்தை இருந்தால் வேண்டாம் என்பது என் கட்சி.

பல் துலக்கும் பேஸ்ட்டுக்கு அவ்வளவு பயம் வேண்டாம். அதில் பார்க்க வேண்டியது ஃபுளோரைடு. 1000 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கு) என்று போட்டிருந்தால் ஒரு கிராமில் ஒரு மில்லிகிராம் ஃபுளோரைடு. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 5 மில்லிகிராம் என்பதுதான் உடனே மருத்துவமனை போக வேண்டிய எல்லை. பத்துக் கிலோ குழந்தை 50 கிராம் பேஸ்ட்டைத் தின்றால்தான் அங்கே போய்ச் சேரும். கொஞ்சம் தின்றால் வயிறு புரட்டும். மூன்று வயதுக்குள் ஒரு அரிசி அளவு, அதற்கு மேல் பட்டாணி அளவு போதும். டியூபைக் கையில் கொடுக்காமல் இருந்தால் சரி. பவுடரை நான் சாதுவான பொருள் என்று நினைத்திருந்தேன். டயப்பர் மாற்றும்போது அசையாமல் இருக்கட்டும் என்று டப்பாவைக் கையில் கொடுத்தும் இருக்கிறேன். முகத்தின் மேல் கொட்டி ஒரு மூச்சு இழுத்தால் நுரையீரல் வரை போய் அடைத்துவிடும் என்று அந்த மருத்துவர் சொன்ன பிறகு நிறுத்தினேன். பீரோவில் போடும் அந்துருண்டையும் இந்தப் பட்டியலில் உண்டு. நாப்தலீன் வகை ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும், அவற்றைக் காக்கும் ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைகளுக்கு ஒன்றே போதும்.

விஷத் தகவல் மையம் எல்லா நாட்டிலும் ஒரே எண்ணில் இல்லை. நீங்கள் இருக்கும் இடத்தின் எண்ணை இன்றைக்கே தேடி போனில் போட்டுவையுங்கள். எங்கள் வீட்டில் அதைப் பெரிய எழுத்தில் எழுதி, அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டியிருக்கிறோம். அதன் கீழே பாப்பாவின் எடை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை அடித்துத் திருத்தியது. எல்லா பாட்டில்களின் லேபிளையும் படமெடுத்து இருவர் போனிலும் வைத்திருக்கிறோம். குழந்தை மூச்சுவிடத் திணறினால், மயங்கினால், வலிப்பு வந்தால் அந்த எண்ணுக்குக்கூடப் பேச வேண்டாம், நேரே ஆம்புலன்ஸ்தான்.

இதெல்லாம் செய்த பிறகும் ஒரு ஓட்டை இருந்தது. விருந்தாளிகள். அவர்கள் பையில் மாத்திரை, சானிடைசர், நெயில் பாலிஷ் என்று எல்லாம் வரும், பையோ தரைக்கு வரும். வந்தவர்களிடம் "பையைக் கொஞ்சம் மேலே வைக்கிறீர்களா" என்று கேட்க ஆரம்பத்தில் கூச்சமாக இருந்தது. அம்மாவிடம் கேட்பதுதான் இருப்பதிலேயே கஷ்டம். அன்று பாட்டிலைச் சுமந்து வந்ததே அந்தப் பைதான்.

போன மாதம் அம்மா மறுபடி வந்தார். செருப்பைக் கழற்றினார், பாப்பாவைத் தூக்கினார், பை தோளிலேயே இருந்தது. நான் ஒன்றும் சொல்லாமல் பையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"எதுக்குடா இப்படி முறைக்கிற? ஃபிரிட்ஜ் மேல வைக்கத்தான் போறேன். முதல்ல அந்த ஸ்டூலை அங்கேருந்து எடு, இவ ஏறிடுவா."